குருவுக்கு ஒரு நாற்காலி

"தோலா! இஸ்மாயில் பாய், இது மாட்டுத் தோலா?"

புதிதாக மெத்தை தைத்து வந்திருந்த ஆறு சாப்பாட்டு நாற்காலிகளையும் பார்த்து அனந்தநாராயணன் அலறினார்.

"அசல் தோல், சாமி. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு நாற்காலி, அந்தக் காலத்து முறையிலயே மெத்தை கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக? ஞாயித்துக்கிழமை எங்க மேனேஜரோட குரு வந்து இதுல உக்காந்து சாப்பிடப்போறார். மாட்டுத் தோல்ல உக்காருவாரா, ஐயா?"

குரு விஷயம் திங்கட்கிழமைதான் தெரியவந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனிக்கு வந்து அனந்தநாராயணனுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாவது மேனேஜர் பணிக்கரின் கையில் இருந்தது. அதனால் அவரை விருந்துக்கு அழைத்தார். பணிக்கரும் சரி என்றார். அன்று மாலையே பியூன் நாணு அனந்தநாராயணனைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "சாரினொரு குருவுண்டு. கசேரயாணு பிரச்சினம். நல்லோணம் நோக்கணே" என்றான்.

மலையாளம் அரைகுறைதான். ஆனாலும் இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மேனேஜருக்கு ஒரு குரு உண்டு. அவருக்கு நாற்காலிதான் பிரச்சினை. நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். நாணு குரலைத் தாழ்த்தியதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். ஒருத்தரைக் கூப்பிட்டால் கூட ஒரு சாமியாரா என்று ஆத்திரம் வந்தது. என்ன செய்வது, வேலை முக்கியம். எப்போதோ பழைய சாமான் கடையில் வாங்கி, கிழிந்த மெத்தையோடு மூலையில் கிடந்த நாற்காலிகள் உடனே இஸ்மாயிலின் பட்டறைக்குப் போயின.

இஸ்மாயில் முணுமுணுத்துக்கொண்டே தோலை உரித்து, நீல வெல்வெட் போர்த்திக் கொண்டுவந்தார். அனந்தநாராயணனின் மனைவி விசாலாக்ஷி ஒரு தையலில் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு நூலைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

"ஏன்னா! இது நூல் இல்லே, மயிர்!"

"குதிரை முடிம்மா. நூறு வருஷம் அமுங்காது" என்றார் இஸ்மாயில் பெருமையாக.

"சாப்பாட்டுல ஒத்தை முடி கிடந்தாலே எலையைத் தூக்கி எறியறவா நாங்க. நீர் குருவுக்கு அடியில முழுக் குதிரையையே வெச்சுத் தெச்சிருக்கீரே!" என்று அனந்தநாராயணன் கத்தினார்.

வெள்ளிக்கிழமை குதிரை வெளியேறி, தேங்காய் நார் உள்ளே போனது. அனந்தநாராயணன் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார்.

"குருவைக் கழுவேத்தப் பாக்கறீரா?"

சனிக்கிழமை நாருக்கு மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் பட்டு. குருவின் நாற்காலி மட்டும் மற்றதைவிட ஒரு சாண் உயரம். இஸ்மாயில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெடித்தார்.

"ஒரே வாரத்துல மூணு தடவை என் தையலை நானே பிரிச்சிருக்கேன், சாமி. வேற யாராவதா இருந்தா நாற்காலியாலயே அடிச்சிருப்பேன். இதுலயும் உங்க குரு உக்காரலைன்னா, அவரால எங்கேயுமே உக்கார முடியாதுன்னு அர்த்தம்!"

ஞாயிற்றுக்கிழமை பணிக்கர் தனியாகத்தான் வந்தார். நாற்காலிகளைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினார்.

"உக்காருங்கோ சார்."

"வேண்டா. ஞான் நின்னோளாம்."

குரு இல்லாமல் உட்கார மனசு வரவில்லை போலிருக்கிறது என்று அனந்தநாராயணன் உருகிப்போனார்.

"குரு எப்படி இருக்கார் சார்?"

பணிக்கரின் முகம் சிவந்தது. "ஆரு பறஞ்ஞு?"

"நாணு எல்லாம் சொன்னான். அந்த உசந்த நாற்காலி குருவுக்குன்னே செஞ்சது. வெக்கப்படாம காட்டுங்கோ சார். ஒரு தடவையாவது தரிசனம் பண்ணித் தொட்டுக் கும்பிடணும்னு என் சம்சாரத்துக்கு ஒரே ஆசை."

விசாலாக்ஷி தாம்பாளத்தோடு முன்னால் வந்தாள். "சந்தனம் பூசி, கற்பூரம் காட்டிடறேன்."

பணிக்கர் மலையாளத்தில் ஏதோ கர்ஜித்தார். போட்ட இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காலை அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"பாத்தியா திமிரை!" என்று அனந்தநாராயணன் குதித்தார். "ஒரு வாரமா நாய் மாதிரி அலைஞ்சேன். குருவைக் கும்பிடறேன்னு சொன்னது ஒரு குத்தமா? இந்த ஊர்ல மரியாதைக்கு மதிப்பே இல்லையா?"

மேனேஜர் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க டிரைவர் இசக்கிமுத்து உள்ளே வந்தான். திருநெல்வேலிக்காரன்.

"நீயே சொல்லுப்பா, இசக்கிமுத்து! குருவைப் பத்திக் கேட்டா ஒரு மனுஷனுக்கு இப்படியா கோவம் வரும்?"

இசக்கிமுத்து குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாவமாக அவரைப் பார்த்தான்.

"சாமி, மலையாளத்துல குருன்னா கட்டி. அய்யாவுக்கு அது உக்கார்ற எடத்துல வந்திருக்கு. அதைத்தான் நீங்க குடும்பத்தோட தொட்டுக் கும்பிடணும்னு கேட்டிருக்கீய!"