இருநூறு கேசட்டும் ஒரு பூத்தட்டும்

வாயால் சொன்ன பொய்யை மறந்துவிட்டதாக நடித்துவிடலாம். இணையதளத்தில் ஏற்றிய பொய் தேதியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்படி ஒன்றை ஏற்றியவன் நான்.

அப்போது ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். டிவியில் செருகி ஆடும் பழைய வீடியோ கேம்கள் மீது பைத்தியம். அவற்றுக்காக ஓர் இணையதளமும் நடத்தினேன். வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறியப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ஓடுவேன். (காயவைத்த சாமையை மிதித்து வாங்கிய திட்டு தனி.) ஒரு நாளும் பதினொன்றைத் தாண்டவில்லை. அதில் ஒன்பது நானே. பொறுக்கமாட்டாமல் எழுதிவிட்டேன்: 'எங்கள் காட்சியகத்தில் இருநூறு கேம் கேசட்டுகள்!'

இருந்தவை பதினான்கு.

மறுநாளே வேலூரிலிருந்து நித்யா என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு காட்சியகம் பார்க்க வருகிறாராம். 'வராதீர்கள்' என்று நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். முதல் ரசிகையை எப்படி விரட்டுவது? 'வருக' என்று அனுப்பித் தொலைத்தேன்.

அம்மாவிடம், "ஞாயித்துக்கெழம வேலூர்லருந்து ஒரு பொண்ணும் அவங்க அப்பாவும் நம்ம வூட்டுக்கு வர்றாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். உட்கார முடியவில்லை, தூங்க முடியவில்லை. அட்டையை வெட்டி, கேம் படங்களை அச்சடித்து ஒட்டி, நூற்றெண்பத்தாறு பொய்க் கேசட்டுகள் செய்தேன். அதற்குள் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்ததோ, மாமாவை வரவழைத்ததோ என் மண்டையில் ஏறவே இல்லை.

ஞாயிறு காலை அமிர்தி வழி பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். கேசரி வந்தது. நித்யா ஆர்வமாக, "மொத்தம் எவ்ளோ இருக்குதுங்க?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "ரெண்டு ஏக்கரா சாமை, ஆறு புளியமரம்."

நித்யா விழித்தார். "எல்லாம் வேலை செய்யுதுங்களா?"

"நல்லா காய்க்குதும்மா."

நான் அவசரமாக அலமாரியைத் திறந்தேன். நித்யா ஆசையாக ஒரு கேசட்டை எடுத்து, டிவியில் செருகுமுன் எல்லோரும் செய்வதுபோல அடியில் தூசி போக ஊதினார். அது அவர் கையிலேயே பிரிந்து விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அட்டை. என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா பூத்தட்டோடு வந்து நின்றாள். "பையன் கொஞ்சம் வெளாட்டுப் புத்திங்க. ஆனா தங்கமானவன். பொண்ணுக்குப் பூ வெச்சிடலாங்களா?"

நித்யாவின் அப்பாவுக்குக் கேசரி தொண்டையில் சிக்கியது. "இன்னாம்மா இது! நாங்க டிவி கேம் பாக்க வந்தோம். அடுத்த மாசம் இவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பழைய கேசட் ஒண்ணு குடுக்கணும்னு என்னை இட்டுனு வந்தா."

அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வலித்தது. மூன்று நாளாக அவள் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாள்! எல்லோர் முன்னாலும், "இருநூறு இல்லைங்க. பதினாலுதான்" என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பதினான்கையும் தரையில் பரப்பினேன். நித்யா தேடிவந்த கார் பந்தய கேம் அதில் இருந்தது. கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். அம்மாவும் சுதாரித்துக்கொண்டு, "கல்யாணப் பொண்ணு வெறுந்தலையோட போவக் கூடாது" என்று நித்யாவின் தலையில் பூவை வைத்துத்தான் அனுப்பினாள்.

அன்றிரவே தளத்தில் 'பதிமூன்று கேசட்டுகள்' என்று திருத்தினேன்.

அதன்பின் யார் வந்தாலும் அம்மா வாசலிலேயே மறித்து, "டிவி கேம் பாக்க வந்தீங்களா, பையனப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். செங்கத்திலிருந்து நிஜமாகவே பெண் வீட்டார் வந்தபோதும் கேட்டாள். நான் உள்ளே கூனிக் குறுகி நின்றேன்.

வருங்கால மாமனார் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "இவ்ளோ தூரம் வந்துட்டோம். ரெண்டையுந்தான் காட்டுங்களேன்."