மல்லாட்டைக் கூழும் மானம் போன அணிலும்

ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது. அந்த அணில் நான்தான். வேறு யாருடைய கதையாவது என்றால் அணிலைக் கொஞ்சம் புத்திசாலியாகக் காட்ட வழி இருந்திருக்கும். இதில் இல்லை.

காட்டை ஒட்டி ஒரு வேர்க்கடலை வயல். எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். எங்கள் குலமே அதைத் தின்றுதான் பிழைக்கிறது. மழைக்காலத்துக்கு மண்ணில் புதைத்து வைப்பதும் அதுதான், சம்பந்தம் பேசப் போனால் வாயில் கவ்விக்கொண்டு போவதும் அதுதான்.

எனக்கும் என் மனைவி அஞ்சலாட்சிக்கும் மூத்தவள் பூங்கோதை பிறந்தபோது, "பச்சைப்பிள்ளைக்கு மல்லாட்டை ஆகாது, ஓடியாடி வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காடே சொன்னது. சொன்னதை மட்டும் செய்தால் நான் சாதாரண அப்பனாகிவிட மாட்டேனா? வாசனைகூட அண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். வயலிலிருந்து வந்தால் ஓடையில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கூட்டுக்குள் நுழைவேன். சீர் கொண்டு வந்த மைத்துனனை, வாலில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருக்கிறது என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. "பிள்ளை வளர்ப்பை அவனைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று நாலு பேர் சொன்னார்கள். சொல்லாதவர்களிடம் நானே சொன்னேன்.

ஓடியாடும் வயதில் பூங்கோதை ஒரு கல்யாணத்தில் கடலை உருண்டையை ஒரு கடி கடித்தாள். உதடு தடித்தது, முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது. முருங்கைமரத்து மரங்கொத்தி டாக்டரம்மாவிடம் கவ்விக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள். மல்லாட்டை வயலோரம் பிறந்தவள் அன்றிலிருந்து கொடுக்காப்புளி தின்று வளர்கிறாள்.

பிறகு இனியன் பிறந்தான். கூழ் குடிக்கிற பருவம் வந்ததும் அவனையும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். இவனுக்கும் அக்கா கதி வந்துவிடுமோ என்று அஞ்சலாட்சிக்குத் தூக்கமே போயிருந்தது. டாக்டரம்மா அவன் முடியை விலக்கி விலக்கித் தோலைப் பார்த்தார்.

"இவனுக்கு இப்பவே மல்லாட்டை கொடுங்க."

"இவன் அக்காவைப் பொழைக்க வெச்சதே நீங்கதான, டாக்டரம்மா?"

"அதனாலதான் சொல்றேன். முழுசா கொடுத்துடாதீங்க, தொண்டையில சிக்கும். மையா அரைச்சு, கூழுல கலந்து, மொதல்ல நாக்கு நுனியில வைங்க. ஒத்துக்கிட்டா விடாம வாராவாரம் கொடுங்க. சின்னதுலயே பழகிட்டா, பின்னால ஒடம்பு அதுகூட சண்டைக்குப் போறது கொறையும்."

"அப்ப பெரியவளுக்கு நாங்க ஒளிச்சு ஒளிச்சு வெச்சது?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

டாக்டரம்மா மரத்தை இரண்டு கொத்து கொத்தினார். "அப்ப நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம்," என்றார்.

வீட்டிலேயே கொடுக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். நான் கேட்பேனா? ஏதாவது ஆகிவிட்டால் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டாமா? கிண்ணத்தோடு முருங்கைமரத்தடிக்கே போனோம். பூங்கோதையை மட்டும் எட்ட ஒரு கிளையில் உட்கார வைத்தோம். பார்த்தால், எனக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது. கீரி அவித்த முட்டையோடு வந்திருந்தது. நரி நண்டோடு. குரங்கு எள்ளுருண்டையை மடியில் மறைத்து வைத்திருந்தது. ஒரு பிள்ளைக்கும் நோயில்லை, எல்லோரும் முதல் வாய் ஊட்டத்தான் வந்திருந்தார்கள். டோக்கன் கொடுக்கும் ஓணான், "இது ஆஸ்பத்திரியா, கல்யாணப் பந்தியா?" என்று தலையை ஆட்டி ஆட்டி அலுத்துக்கொண்டது.

எங்கள் முறை வந்தது. அஞ்சலாட்சி இனியனின் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தாள். அவன் சப்புக்கொட்டினான். நான் கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அரிப்பு தொடங்கியது. கழுத்து தடித்தது. கண் இடுங்கியது.

"டாக்டரம்மா, ஒத்துக்கல, வீங்குது," என்று அலறினேன்.

டாக்டரம்மா பறந்து இறங்கினார். இனியன் அதற்குள் கிண்ணத்துக்குள் தலையை விட்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பையன் நல்லாத்தான் இருக்கான். வீங்கினது உங்க மூஞ்சி, சார்."

முருங்கைமரத்தில் கம்பளிப்பூச்சி இருக்கும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். அது என் கழுத்தில் ஊர்ந்து போயிருக்கிறது. என் கழுத்து அரித்ததை நான் பிள்ளையின் கழுத்து அரிப்பதாகவே எடுத்துக்கொண்டேன். பெற்ற பாசம், வேறென்ன. வரிசை மொத்தமும் சிரித்தது. பிள்ளை தப்பித்த சந்தோஷத்தில் நானும் சிரிக்கப் பார்த்தேன், வாய் கோணிக்கொண்டது.

களிம்பு தடவி, கையைக் கழுவச் சொல்லி, என்னையும் எட்ட இருந்த கிளைக்கே அனுப்பினார்கள். பூங்கோதை நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் ஏம்ப்பா அப்ப கொடுக்கல?"

சொல்வதற்குப் பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. "உன் மேல உயிரையே வெச்சிருந்தோம், கண்ணு. அதான்."

அவள் கீழே தம்பியைப் பார்த்தாள். அவன் மூக்குவரை மல்லாட்டைக் கூழ் அப்பியிருந்தது.

"அப்ப தம்பி மேல கொஞ்சம் கம்மியாவே வைங்கப்பா," என்றாள்.

நீதி: முதல் பிள்ளையைப் பெறுவதற்கு முன்னால் இரண்டாவது பிள்ளையைப் பெற்றுக்கொள்வது உத்தமம்.