ஐம்பத்தெட்டாம் மனையின் நீலக் கதவு

"கதவு என்ன நிறம்?" என்று கேட்டார் ஆய்வு அதிகாரியம்மா.

டிக் சாருக்குக் குப்பென்று வியர்த்தது.

அரசாங்க வீட்டு உதவிக்கு மனுப்போட ஏழைகளுக்கு ஒத்தாசை செய்யும் தொண்டு நிறுவனம் அது. உதவி வாங்கி வீடு கட்டியவர்கள் அதில் தாங்களே குடியிருக்கிறார்களா, இல்லை வாடகைக்கு விட்டுவிட்டார்களா என்று வருஷா வருஷம் போய்ப் பார்ப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. பார்க்கவேண்டியவர் நம்ம டிக் சார். 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் நாற்காலியை விட்டு எழாமலே டிக் போட்டுப் போட்டு வந்த பெயர்தான் அது.

மனுஷர் கெட்டவரில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. வெயிலில் நடக்கச் சொன்னால்தான் முழங்கால் மக்கர் பண்ணும்.

அதிகாரியம்மா அலமாரியில் கைக்கு வந்த ஃபைலை உருவியிருந்தார். ஐம்பத்தெட்டாம் மனை.

"நேர்லதானே போய்ப் பார்த்தீங்க? கதவு ஞாபகம் இல்லையா?"

"நீலம் மேடம்!" வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. "வாசல்ல ரோஜாச் செடிகூட இருந்தது. அந்தம்மா சொம்பு நிறைய தண்ணி குடுத்தாங்க."

அதிகாரியம்மா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

"நல்லது. மூணு மணிக்கு அங்க போறோம். நீங்களே வழி காட்டுங்க. ஒரு டிக் பொய்னு தெரிஞ்சாலும் நிறுவனத்தோட அனுமதி ரத்து. கையில இருக்கிற இருநூறு மனுவும் அப்படியே நின்னுடும், பார்த்துக்குங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த மூட்டை தூக்கும் அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சார், என் மனு இந்த மாசம் போயிடும்ல?"

"போயிடும்மா, போயிடும்," என்றபடி டிக் சார் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார்.

ஐம்பத்தெட்டாம் மனை எங்கே இருக்கிறதென்று யாரைக் கேட்பது? மனை எண் அரசாங்க வரைபடத்தில் இருக்கும், மூலையில் புதைத்த எல்லைக்கல்லில் இருக்கும். வாசலில் எழுதியிருப்பதோ வேறு எண். ஃபைலில் இருந்த படமும் ஜெராக்ஸில் கன்னங்கரேலென்று ஆகி, அந்தம்மாவின் இரண்டு காது மட்டும் தெரிந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நம்ம கதவுக்கு உடனே நீல பெயின்ட் அடி."

"என்னங்க, காலையில நல்லாத்தானே போனீங்க?"

"மூணு மணிக்கு அதிகாரி வராங்க. அரை மணி நேரத்துக்கு அது வாடகை வீடு இல்ல. அரசாங்க உதவியில நீ கட்டின சொந்த வீடு. என்னை உனக்குத் தெரியாது."

"சொந்த வீடா!" மறுமுனையில் குரல் இளகியது. "எத்தனை வருஷமா கேக்கறேன்... அரை மணி நேரந்தானா?"

"ஒரு ரோஜாச் செடியும் வேணும்."

"எதிர்வீட்டுல இருக்கு. தூக்கிட்டு வந்துடறேன்."

டிக் சார் வழிகாட்ட, மூன்று மணிக்கு அவர் வீட்டு வாசலிலேயே ஜீப் வந்து நின்றது. அதிகாரியம்மாவோடு கடப்பாரையும் கையுமாக ஒரு சர்வேயரும் இறங்கினார். இப்படி ஒரு ஆள் வருவார் என்று டிக் சாரிடம் யாரும் சொல்லவில்லை.

"எல்லைக்கல்லைப் பார்த்து மனை எண் சரியான்னு சொல்லுங்க," என்றார் அதிகாரியம்மா.

"அந்தக் கல்லு குழாய் போடத் தோண்டினப்பவே போயிடுச்சுங்க!" என்று பதறினார் டிக் சார்.

"கல்லு எங்க சார் போகும்? மேல எதையாவது போட்டு மூடியிருப்பாங்க," என்று சர்வேயர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அதிகாரியம்மா கதவைத் தள்ளினார். கையை எடுத்தால் உள்ளங்கை முழுக்க நீலம்.

"போன வருஷம் பார்த்த பெயின்ட் இன்னும் காயலையா?"

"ஈரக்காத்து மேடம்."

மனைவி சொம்பு நிறைய தண்ணீரோடு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, வெளுத்துக்கட்டினாள். "ஒவ்வொரு சுவரும் நான் பக்கத்துல நின்னு கட்டினது மேடம்!"

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பண்றார்?"

"உட்கார்ந்த இடத்துலயே ஒரு வேலை. எழுந்திருங்கன்னா முழங்கால் வலிக்கும்பார்."

டிக் சார் ரோஜாச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரியம்மா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. வீட்டுத் தரகர்! வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரம்மாவை டிக் சார் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் இந்தத் தரகர் மூலமாகத்தான். ஒழுகும் கூரையைப் பார்க்க வாருங்கள் என்று ஆறு மாசமாகக் கெஞ்சியும் வராத மனுஷர், இன்றைக்கா வரவேண்டும்?

"யாரைக் கேட்டுங்க கதவுக்கு நீலம் அடிச்சீங்க? வாடகைக்கு இருந்தா வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்கணும். சார், நீங்களாவது உங்க சம்சாரத்துக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"அஞ்சு வருஷமா குடியிருக்கோம், ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்க உரிமை இல்லையா?" என்று மனைவி பாய்ந்தாள். பாய்ந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரியம்மா பேனாவை மூடினார்.

டிக் சாருக்கு மூட்டை தூக்கும் அம்மாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"மேடம், தப்பு என்னோடது. அந்த இருநூறு மனுவை மட்டும் நிறுத்திடாதீங்க. என் வேலை போனாலும் பரவாயில்லை. ஐம்பத்தெட்டாம் மனையை நான் பார்த்ததே கிடையாது. எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது."

அந்த எண்ணைக் கேட்டதும் தரகர் ஏனோ சத்தமில்லாமல் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அதிகாரியம்மா தன் நீலக் கையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இப்பவாவது உண்மையைச் சொன்னீங்களே. சரி, மனுக்கள் நிக்காது. ஆனா நாளையிலேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்க நடந்தே போய்ப் பார்க்கணும். முதல்ல இந்த ஐம்பத்தெட்டைக் கண்டுபிடிங்க."

"எவ்வளவு தூரமானாலும் போறேன் மேடம்!" டிக் சாருக்குக் கண் கலங்கியது.

வாசல் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சர்வேயர் கொல்லைப்பக்கமிருந்து கைமண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"துணி துவைக்கிற கல்லுக்கு அடியில எல்லைக்கல்லு இருந்தது மேடம், ஐம்பத்தெட்டு. சார் போட்ட டிக்ல பொய்யே இல்ல, அஞ்சு வருஷமா தினமும் நேர்லதான் பார்த்துட்டிருக்கார்."