இரண்டு விரல் எம்.பி.ஏ.

அடிலெய்டில் உள்ள எங்கள் வணிகப் பள்ளியின் பெரிய அரங்கில் அன்று நிற்க இடமில்லை. பொருளாதார நிபுணர் யாராவது வந்திருந்தால் பாதி நாற்காலி காலியாகக் கிடந்திருக்கும். வந்திருந்தவர் டெஸ்மண்ட் ஹாலிவெல். கையை அமுக்கிப் பார்த்து வியாபாரத்தின் தலையெழுத்தைச் சொல்கிறவர்.

சிரிக்காதீர்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

முறை இதுதான். திட்டத்தை ஓர் உறையில் போட்டு, இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். டெஸ் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் அந்தக் கையை அமுக்குவார். அசையாமல் நின்றால் திட்டம் ஜெயிக்கும். தொப்பென்று விழுந்தால் திட்டமும் விழும்.

"மூளை பொய் சொல்லும். தசை சொல்லாது" என்பார். இதையே நாலு கட்டம் போட்டு, அம்புக்குறி வைத்துத் திரையிலும் காட்டுவார். கட்டமும் அம்புக்குறியும் இருந்துவிட்டால் எம்.பி.ஏ. மாணவன் பேய் பிசாசைக்கூட நம்புவான்.

எங்கள் படிப்பில் கடைசி அரையாண்டுக்குத் தேர்வு கிடையாது. நிஜமான வாடிக்கையாளர், நிஜமான பிரச்சினை, அதைத் தீர்க்க ஒரு திட்டம். செய்துதான் படிக்க வேண்டும். போன வருடம் செய்ததெல்லாம் ஊற்றிக்கொண்டது. ஏன் என்று துறைத் தலைவி ரோஸ்லின் டிட்மார் தேடினார். பாடத்திட்டத்தில் தேடவில்லை, சொல்லிக்கொடுத்த விதத்தில் தேடவில்லை. டெஸ்ஸைத் தேடிப் பிடித்தார். இந்த வருடம் பள்ளியின் ஆதரவு எந்தத் திட்டத்துக்கு என்பதை அந்த இரண்டு விரல்தான் முடிவு செய்யும்.

அரங்கில் அமுக்கினால் இலவசம். தனியறையில் அமுக்கினால் கட்டணம். கை உறுதியாக நிற்பதற்கென்று செம்பு வளையமும் விற்றார். என் பக்கத்தில் இருந்த ஹங் ட்ரின் இரண்டு வளையம் போட்டிருந்தான்.

"ரெண்டு எதுக்குடா?"

"முதல் வளையம் வேலை செய்யலன்னா?"

"அப்ப அது மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையெல்லாம் இருக்கு. இது ரிஸ்க் மேனேஜ்மென்ட்."

ஹங்கின் திட்டம், நாய்களுக்கு மாட்டிறைச்சி வாசனையில் பாட்டில் தண்ணீர். ரோஸ்லினுக்கு அதன் மேல் தனிப் பாசம். அவன் வாடிக்கையாளரான பாட்டில் கம்பெனி பள்ளிக்கு ஒரு புதுக் கட்டடம் கட்டித் தருவதாகப் பேச்சு.

ரோஸ்லின் திட்டத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார். ஹங் கையை நீட்டினான். டெஸ் அமுக்கினார். கொடிக்கம்பம் போல நின்றது கை. அரங்கமே கைதட்டியது.

அடுத்து ப்ரானி பாஸ்கோ. எங்கள் வகுப்பில் மூத்தவர். பஸ் டிப்போ ஒன்றை நிர்வாகம் செய்தபடியே படிக்கிறவர். போர்ட் அடிலெய்ட் பக்கத்தில் கார் இல்லாத சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், திரும்ப வீட்டில் விட ஒரு சிறிய பஸ். இதுதான் அவர் திட்டம். ரத்தம் சுத்திகரித்த களைப்போடு அவர்கள் பஸ் ஸ்டாப்பில் தலைசுற்றி உட்கார்ந்திருப்பதை ப்ரானி கூடவே இருந்து பார்த்திருக்கிறார். அங்குள்ள சமூக மையத்திடம் ஒரு வண்டி சும்மா நிற்கிறது. இந்த வாரத்துக்குள் பள்ளி கையெழுத்துப் போடாவிட்டால் அதை விற்றுவிடுவார்கள்.

டெஸ் அமுக்கினார். ப்ரானியின் கை விழுந்தது.

"உன் உடம்பே வேணாங்குதும்மா" என்றார் டெஸ், துக்க வீட்டுக்கு வந்தவர் குரலில்.

"பஸ்ல ஏறப்போறது என் உடம்பு இல்லையே" என்றார் ப்ரானி. "ஒரு சந்தேகம். திட்டத்தோட பேரு உங்களுக்குத் தெரிஞ்சாகணுமா?"

"தேவையே இல்ல. தசைக்குத் தெரியும்."

"அப்ப பேரு தெரியாம ஒருவாட்டி பாருங்களேன்."

ரோஸ்லின் முகம் சுளித்தார். "ப்ரானி, நேரத்த வீணாக்காதீங்க."

"காசைப் போடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருன்னு முதல் வகுப்புல நீங்கதானே ரோஸ்லின் சொன்னீங்க? பரீட்சையில கேட்டு மார்க் வேற போட்டீங்க."

அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெஸ் பெரிய மனதோடு சம்மதித்தார்.

ஒரே மாதிரி மூன்று உறைகள். ஒன்றில் பஸ், ஒன்றில் நாய்த் தண்ணீர். மூன்றாவதில் ப்ரானி தன் பையிலிருந்து எதையோ எடுத்து மடித்துப் போட்டார். ரோஸ்லினே வெளியே கொண்டுபோய் ஒட்டி, கலைத்து எடுத்து வந்தார்.

மறுபடியும் ஹங் நின்றான். முதல் உறை: டெஸ் அமுக்கினார், கை விழுந்தது. இரண்டாவது: நின்றது. மூன்றாவது உறைக்கு டெஸ் புருவத்தை உயர்த்தினார். "அடேங்கப்பா. என் அனுபவத்துல இவ்வளவு பலமான திட்டத்தைப் பார்த்ததில்ல."

ரோஸ்லின் பிரித்தார். விழுந்தது நாய்த் தண்ணீர். அவர் முகத்தில் ஒரு கட்டடம் இடிந்தது. நின்றது பஸ். அந்த மகா பலசாலியை விரித்து வாசித்தார்: "வறுத்த கோழி, சிப்ஸ், சாலட்…"

எதிர்த்தெரு பப்பின் மதியச் சாப்பாட்டு அட்டை.

"அதுக்காவது வாடிக்கையாளர் இருக்காங்கப்பா" என்றது பின்வரிசைக் குரல்.

டெஸ் அசரவில்லை. "இந்தம்மாவோட அவநம்பிக்கை அலை தசையக் குழப்பிடுச்சு."

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சப்ப மட்டும் என் அலை குழப்பலையே, டெஸ்" என்றார் ப்ரானி. பிறகு ரோஸ்லினைக் கை நீட்டச் சொன்னார். முழங்கைக்குப் பக்கத்தில் அமுக்கினார். அசையவில்லை. மணிக்கட்டில் அமுக்கினார். விழுந்தது. "அவ்வளவுதான் வித்தை. கதவக் கீல் பக்கமாத் தள்ளிப் பாருங்க, நகராது. கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் போதும். ஹங்குக்கு முழங்கைப் பக்கம் அமுக்கினாரு, எனக்கு மணிக்கட்டுல."

ரோஸ்லின் அவசரமாகப் பேனாவை எடுத்தார். "எப்படியோ, ரெண்டாவது தடவை உங்க பஸ் நின்னுடுச்சு. கையெழுத்துப் போட்டுடறேன்."

நாங்கள் கைதட்டத் தயாரானோம். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே.

"அதுக்காகப் போடாதீங்க" என்றார் ப்ரானி. "சாப்பாட்டு அட்டைய நிக்க வெச்ச விரல்தான் என் பஸ்ஸையும் நிக்க வெச்சுது. திட்டத்தப் படிங்க. பிடிக்கலன்னா திருப்பிக் குடுங்க, போயிடறேன்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை நாளில் எந்தத் திட்டத்தையும் யாரும் உட்கார்ந்து படித்ததே இல்லை.

ஹங் மெதுவாக வாயைத் திறந்தான். "என் தண்ணிய எங்க வீட்டு நாய்க்கு வெச்சுப் பாத்தேன். மோந்து பாத்துட்டு, தோட்டத்துக் குழாய்ல போய்க் குடிச்சுது."

"அதை ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"கை நின்னுச்சே. நாய்தான் தப்புன்னு நெனச்சேன்."

ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். ஓட்டுநர் யார் என்று கேட்டார். வண்டி பழுதானால் என்ன ஏற்பாடு என்று கேட்டார். இன்னும் குடைந்து குடைந்து கேட்டார். ப்ரானி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார், ஒன்றைத் தவிர. அதை நாளைக்கே நோயாளிகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தப் பதிலுக்குத்தான் ரோஸ்லின் கையெழுத்துப் போட்டார். இன்று அந்த வண்டி ஓடுகிறது.

டெஸ்? நாங்கள் வெளியே வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். அரங்கத்து விளக்கு வெளிச்சம் தசைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நீட்டிய கைகளோடு ஒரு வரிசை. எல்லாம் பட்டதாரிகள்.

கட்டணம் கேட்டால்தான் நாம் வரிசையில் நிற்போம் போலிருக்கிறது. யோசிப்பது முழுக்க இலவசம். அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் கூட்டமே இல்லை.