வெயில் காய அனுமதிச் சீட்டு

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் நாளைக்கே சுற்றுலா பஸ் விட்டுவிடுவார்கள்) அஞ்சலை என்று ஒரு மந்தி இருந்தாள். அவளுக்குக் காவல் வேலை. நாவல் மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு, புலி தலை தெரிந்தால் கத்த வேண்டும். கீழே மேய்கிற புள்ளிமான்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடும். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மானைக்கூடப் புலிக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, நியாயமான தலைக்கனம்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காட்டுக்குக் கேமரா வந்தது. மரத்துக்கு ஒன்று மாட்டினார்கள். அஞ்சலைக்குக் குகைக்குள் நாற்காலி போட்டு, எதிரே பெரிய திரை வைத்தார்கள். அட, மரமேறுகிற தொல்லை விட்டது என்று சந்தோஷமாக உள்ளே போனவள், அப்புறம் வெயில் முகத்தையே பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த மான்களும் குகையிலேயே தங்கிவிட்டன. தழையை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆமைகள் இருந்தன. லேட்டாகும், ஆனால் வந்துவிடும்.

ஒரு நாள் இடி விழுந்து கேமரா அத்தனையும் புகைந்துபோயின. அது புலிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இந்த மாதிரிச் செய்தி மட்டும் எப்படித்தான் போகுமோ.

அஞ்சலை ஓடிப்போய் நாவல் மரத்தில் கை வைத்தாள். ஒரு கிளை ஏறினாள். முழங்கால் 'கடக்' என்றது. பொத்தென்று கீழே விழுந்தாள்.

மரங்கொத்தி டாக்டர் வந்து அவள் முழங்காலை அலகால் மூன்று தடவை தட்டிப் பார்த்தார்.

"உள்ளே பொக்குன்னு இருக்கும்மா. வைட்டமின் டி சுத்தமா இல்ல."

"அது எந்த மரத்துல காய்க்கும் டாக்டர்?"

"எந்த மரத்துலயும் காய்க்காது. வெயில் மேல பட்டா உடம்பே தயார் பண்ணிக்கும். அது இருந்தாத்தான் நீ தின்கிறதுல உள்ள சுண்ணாம்புச் சத்து எலும்புல போய்ச் சேரும். தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லு, ஒன்றரை மாசத்துல ஏறிடலாம்."

சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அது அடர்ந்த காடு. மருந்துக்குக்கூட வெயில் கீழே இறங்காது. வெயில் காய என்று ஒதுக்கிய இடம் மொத்தக் காட்டுக்கும் ஒன்றே ஒன்று, மொட்டைப்பாறை. அதில் உட்கார வேண்டுமென்றால் காட்டு அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அலுவலகம் பாறைக்கு முன்னால் இருந்த பொட்டல் வெளியில் இருந்தது. கவுன்டருக்குள்ளே முள்ளம்பன்றி அதிகாரி. எழுத வேண்டியபோதெல்லாம் முதுகிலிருந்து ஒரு பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்.

அஞ்சலை காலையில் போய் வரிசையில் நின்றாள். மத்தியானம் அவள் முறை வந்தது.

"இருப்பிடச் சான்று எங்கம்மா?"

"நாவல் மரம் சார்."

"எந்தக் கிளை? வடக்கா, தெற்கா? எழுதி வாங்கிட்டு வா."

மறுநாள் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். நிழலில் வசிப்பதற்கு அத்தாட்சி கேட்டார். அதற்கு மறுநாள் போட்டோவில் வால் முழுசாக விழவில்லை என்றார். அதற்கும் மறுநாள் வால் மட்டும்தான் விழுந்திருக்கிறது என்றார். ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசிக்குப் போய் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் கொம்பையா என்ற கலைமான் இருந்தான். அவனுக்கும் கால் வலி. இருந்தான் என்றா சொன்னேன்? அவன் கல் இருந்தது. நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு அவன் புங்கமர நிழலில் படுத்துக்கொண்டான். வரிசை நகரும்போது அஞ்சலைதான் காலால் அவன் கல்லையும் தள்ளிவிடுவாள்.

"நீங்களும் ஒரு கல்லை வச்சுட்டு இப்படி வாங்கக்கா. வெயில் மண்டையைப் பிளக்குது."

"வேணாம் தம்பி. என்னைக் கூப்பிடுற நேரம் பார்த்துக் கல்லு வாயைத் திறக்காது."

இப்படி நாற்பத்திரண்டு நாள். நாற்பத்து மூன்றாம் நாள் அவளுக்குச் சீட்டு கிடைத்தது. "பாறைமேல் கால் மணி நேரம் வெயில் காயலாம். தேதி: ஐப்பசி இருபது." ஐப்பசியில் அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். அஞ்சலைக்கு வந்த கோபத்தில் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நாவல் மரத்து உச்சிக்கு ஏறிவிட்டாள். ஏறின பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முழங்கால் வாயே திறக்கவில்லை.

டாக்டர் வந்து தட்டிப் பார்த்தார். கணீரென்றது. கொம்பையாவைத் தட்டினார். பொக்கென்றது. சும்மா இருக்காமல் கொம்பையாவின் கல்லையும் தட்டினார். அது அஞ்சலையைவிட உறுதியாக இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வரிசைதான். அக்காவுக்கு மட்டும் எப்படிக் குணமாச்சு?" என்று கொம்பையா கேட்டான்.

மான்கள் கூடி யோசித்தன. அவளிடம் சீட்டு இருக்கிறது, அவனிடம் இல்லை. ஆகவே, குணமாக்கியது சீட்டு.

"அடப் பாவிங்களா, வரிசையில நின்னப்போ பட்ட வெயில்டா" என்றாள் அஞ்சலை.

"சீட்டு இல்லாம படுற வெயில் எப்படிக்கா செல்லும்?" என்றான் கொம்பையா.

மறுநாள், குகையிலேயே கிடந்து கால் பொக்காகியிருந்த மான்கள் அத்தனையும் பொட்டல் வெளியில் கல்லோடு வந்து நின்றன. முள்ளம்பன்றி ஒரு புதிய உத்தரவு போட்டார். இனிமேல் கல் செல்லாது, ஆள்தான் நிற்க வேண்டும். அஞ்சலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதற்காக நின்றால் என்ன, நின்றால் சரி. ஒன்றரை மாதத்தில் எல்லாக் காலும் தேறிவிடும்.

அந்தக் காட்டில் இந்தக் கணக்குப் புரிந்த இன்னொரு ஆளும் இருந்தார். அன்று சாயங்காலமே புலி ஆள் விட்டு, வரிசை நெடுகத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்தது. கவுன்டரைச் சுற்றி நல்ல கெட்டியான திரைச்சீலையும் தொங்கவிட்டது. மேலே 'உபயம்: புலியார்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மான்களுக்குக் கண் கலங்கிவிட்டது. புலிக்கு மாலை போட்டார்கள். அஞ்சலை ஒருத்திதான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினாள். குணமான திமிர் என்றார்கள்.

நாற்பது நாள் நிழலில் நின்று, இருந்த கொஞ்சநஞ்ச எலும்பும் பொக்காகிப்போன ஒரு மத்தியானம், முள்ளம்பன்றி சாப்பிடப் போனார். திரைக்குள்ளிருந்து "அடுத்த ஆள்" என்று ஒரு குரல் வந்தது. ரொம்ப மரியாதையான குரல்.

உச்சிக் கிளையிலிருந்து அஞ்சலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். புலி, புலி என்று தொண்டை கிழியக் கத்தினாள். பழைய நாளாக இருந்தால் மொத்தக் கூட்டமும் பறந்திருக்கும்.

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா. கூப்பிடுறது காதுல விழ மாட்டேங்குது" என்றான் கொம்பையா.

"டேய், உள்ள போனது ஒண்ணுகூட வெளிய வரலடா."

"அந்தப் பக்கம் வாசல் வச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவன் ஓரடி முன்னால் நகர்ந்தான். பின்னால் நின்ற மானிடம் திரும்பி, "இன்னிக்குத்தான் வரிசை நல்லா நகருது" என்றான்.

அஞ்சலை மரத்து உச்சியில், நல்ல வெயிலில், இரும்பு மாதிரி முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழுதாள்.

"அடுத்த ஆள்" என்றது குரல்.

நீதி: எலும்பு உறுதியாக வெயிலில் நில். நிழலில் நின்று வரிசை மளமளவென்று நகர்ந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காதே. அதற்குள் பின்னால் நிற்பவன் உன் இடத்தில் நுழைந்துவிடுவான்.