மடிப்புக்காரர் குதிக்கிறார்

இனிமேல் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது வாயைத் திறப்பதே இல்லை என்று மடிப்புக்காரர் உறுதியான முடிவு எடுத்தார். முடிவெடுத்தது புதன்கிழமை. வாயைத் திறந்தது செவ்வாய்க்கிழமை.

அவருக்கு விமானப்படைத் தளத்தில் பாராசூட் மடிக்கிற வேலை. நீள மேஜையில் துணியை விரித்து, கயிறுகளைச் சிக்கெடுத்து, பட்டை பட்டையாக மடித்துப் பைக்குள் அடக்கி, அட்டையில் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் மடித்த ஒன்றுகூட விரியாமல் போனதில்லை. வீட்டில் தன் சட்டையை அவர் ஒருநாளும் மடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

மடிப்புக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர், தான் மடித்ததைத் தானே மாட்டிக்கொண்டு ஒரு தடவை குதித்துக் காட்ட வேண்டும். இவர் சேர்ந்த வருஷம் விமானம் பழுது. அப்புறம் மழை. அப்புறம் மேலதிகாரிக்கு மாற்றல். அதற்குள் எல்லாரும் மறந்துவிட்டார்கள். இவர் மறக்கவில்லை, ஆனால் மூச்சுவிடவில்லை.

கல்யாணமான புதிதில் மனைவியிடம், “ஏழு தடவை குதிச்சிருக்கேன்” என்றார். கேட்கிற ஆளுக்கு ஏற்ப ஏறி ஏறி அது இப்போது முப்பத்தேழில் நின்றது. ஆகாசப் புளுகு என்பார்களே, இவருடையது நிஜமாகவே ஆகாசத்தில் நடந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் தழும்புக்குக்கூட ஒரு மலையுச்சிக் கதை வைத்திருந்தார்.

மனைவி, தளத்துக் குடும்ப நலச் சங்கத்தின் செயலாளர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கத்துப் பெண்கள் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். விஷயம் கொஞ்சம் கனமானது. விமான மெக்கானிக் ஒருவர் இறக்கையிலிருந்து வழுக்கி விழுந்து, மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ராணுவ ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார். அவர் மனைவி கைக்குழந்தையோடு பதினோரு நாள் தாழ்வாரத்து பெஞ்சில்தான் படுத்திருந்தாள். குழந்தைத் துணியைக் கழிப்பறைக் குழாயில் அலசி ஜன்னல் கம்பியில் உலர்த்தியிருக்கிறாள். சங்கம் அலைந்து திரிந்து, இப்படி வருகிற குடும்பங்களுக்கென்று அங்கே ஓர் அறை வாங்கிவிட்டது. அறை மட்டும்தான். உள்ளே சுவர் இருந்தது, வேறொன்றும் இல்லை.

“கட்டிலுக்காவது பணம் சேர்க்கணும். சமையல் போட்டி வைக்கலாமா?” என்றாள் ஒருத்தி.

“போன வருஷம் வச்சோமே. ஜெயிச்சது மருந்துக்கடைக்காரர்தான்.”

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறீங்களே! ஒரு ஆள் பாராசூட்ல குதிச்சா ஊரே பணம் கொடுக்கும். ஹூம், எனக்கு மட்டும் இப்ப அந்த வயசு இருந்தா...”

“வயசுக்கு என்னங்க?” என்றாள் மனைவி. “அம்பது தாண்டினவங்களைப் பயிற்சியாளரோட சேர்த்துக் கட்டித்தானே இறக்குறாங்க? உங்களுக்கு இது முப்பத்தெட்டாவது. ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக்கோங்க!”

எழுதிக்கொண்டார்கள். கைதட்டினார்கள். மடிப்புக்காரர் சிரித்தார். சிரித்தபடியே பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

இதற்காகச் சங்கம் அச்சடித்த சீட்டு வியாழக்கிழமைக்குள் பாதிக்குமேல் விற்றுவிட்டது.

“என்னைப் பார்க்கவா இவ்வளவு பேரு?” என்று பூரித்துப்போனார்.

“உங்களை நம்பித்தாங்க எல்லாரும் வாங்குறாங்க.”

“ஒரு சீட்டைக் காட்டேன், பார்ப்போம்.”

“குதிக்கிறவர் பார்க்கக் கூடாதுன்னு விதி.”

விதி என்றால் விதிதான் என்று விட்டுவிட்டார். அவர் கவலை வேறு. பயிற்சியாளரோடு கட்டினால் என்ன, கயிற்றோடு கட்டினால் என்ன, கீழே பார்த்தால் தரை எங்கேயோ அல்லவா இருக்கும்? நாற்காலியில் ஏறிப் பல்பு மாற்றுவதற்கே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவர் அவர். குதிக்காவிட்டால் முப்பத்தேழும் போய்விடும். மடிப்புக் கூடத்தில் தலைகாட்ட முடியாது. ஆக, கௌரவமாக நழுவ ஒரு காரணம் வேண்டும்.

அதிசயம் என்னவென்றால், அதைத் தேட அவர் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை. ஊரே அவர் உடம்பின்மேல் திடீரென்று அக்கறை கொண்டது. ரொட்டிக்கடைக்காரர் அவரை வழிமறித்தார்.

“அண்ணே, காது எப்படி இருக்கு?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“மேல போனா அடைக்கும்ணே. காது போனா திரும்ப வராது. யோசிச்சுக்கோங்க.”

மடிப்புக் கூடத்து மேலாளர் ஜன்னல் வழியே வெகுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை காத்து பலமா இருக்கும் போலிருக்கே. எனக்குக் காத்துமேலதான் சந்தேகம், உம்மேல இல்லை” என்றார்.

பக்கத்து வீட்டு ரேடார்காரர் இரண்டு படி மேலே போனார். சுடுநீர்ப் பையோடு வந்து நின்றார்.

“இடுப்புக்கு ஒத்தடம் கொடுங்க அண்ணே.”

“என் இடுப்புக்கு என்ன?”

“இருபத்தாறு வருஷம் குனிஞ்சே மடிச்சிருக்கீங்க. ஒண்ணும் இல்லாமலா இருக்கும்? கொஞ்சம் குனிங்க பார்ப்போம்.”

குனிந்தார். நிஜமாகவே பிடித்த மாதிரி இருந்தது. என்ன மனுஷங்க, என்ன பாசம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை, குளியலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு, “அம்மா!” என்றார்.

மனைவி ஓடி வந்தாள். “என்னங்க ஆச்சு?”

“இடுப்பு. பிடிச்சுக்கிச்சு. நாளைக்குக் குதிக்க முடியாது போலிருக்கே. முப்பத்தேழு தடவை குதிச்சவன், இப்படி ஆயிடுச்சே!”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. ரேடார்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“இடுப்பா? இடுப்புன்னா சொன்னார்? அக்கா, நீங்கதான் சாட்சி! நாலு சீட்டு இடுப்புல வாங்கியிருக்கேன்! வாஷிங் மெஷின் எனக்குத்தான்!”

“வாஷிங் மெஷினா? என்ன சீட்டு அது?” என்றார் மடிப்புக்காரர். இடுப்பைப் பிடித்திருந்த கை தானாக இறங்கிவிட்டது.

ரேடார்காரரின் சட்டைப்பையில் இருந்த சீட்டை மடிப்புக்காரர் வெடுக்கென்று பிடுங்கிப் படித்தார். மேலே கொட்டை எழுத்தில், ‘மடிப்புக்காரர் என்ன சாக்குச் சொல்வார்? சரியாகச் சொல்பவருக்கு, கடைக்காரர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த வாஷிங் மெஷின்!’ கீழே கட்டம் கட்டமாக இடுப்பு, காது, காற்று, வயிறு, ‘தூரத்து உறவில் ஒரு சாவு’. கடைசிக் கட்டத்தில் ‘குதித்துவிடுவார்’.

“இந்தக் கடைசிக் கட்டத்துல எத்தனை பேரு?” என்று கேட்டார்.

மனைவி தொண்டையைச் செருமினாள்.

“அதுல யாரும் வாங்கலீங்க.”

“ஒருத்தர்கூடவா?”

“கோபப்படாதீங்க. நீங்க குதிச்சதே இல்லைங்கிறது எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கல்யாணமான மறு வாரமே தெரியும். போய்ப் படுங்க, ஒத்தடம் கொடுக்கிறேன். உங்களால முடியாட்டி என்ன?”

‘முடியாட்டி’ என்ற அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. இருபத்தாறு வருஷம் தன் கையெழுத்தை நம்பி எத்தனை பேர் வானத்தில் கால் வைத்திருக்கிறார்கள்! அவருக்கே தன் கைமேல் நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? அந்த நிமிஷம் நிஜமாகவே அவருக்கு வெட்கமாக இருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தளத்துக்கு நடந்தார்.

நீள மேஜையில் தன் கையாலேயே ஒரு பாராசூட்டை மடித்தார். மடிப்புக்கு மடிப்பு விரலால் நீவினார். அட்டையில் கையெழுத்துப் போட்டார். விமான அலுவலகத்தில் நாளைய பட்டியலில் தன் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தார். மத்தியானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, சம்மதப் படிவத்தை மனைவி முன்னால் போட்டார்.

“போடு கையெழுத்து. நாளைக்குக் குதிக்கிறேன். அத்தனை பேர் மூஞ்சியிலயும் கரி பூசுறேன்! மெஷின் எவனுக்கும் கிடையாது!”

வேலியோரம் ரேடார்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

“கிடையாதுதாங்க. சீட்டோட அடியில பொடி எழுத்துல போட்டிருக்கோமே, பார்க்கலையா? யாரும் சரியாச் சொல்லலைன்னா மெஷின் ஆஸ்பத்திரி அறைக்குன்னு.”

மடிப்புக்காரர் நின்றார். யோசித்தார். நெஞ்சு மெல்ல இறங்கியது.

“அப்ப... என்னைக் கோபப்படுத்தினது, நான் குதிக்கணும்னுதானா?”

“ஆமாங்க.”

“இப்ப நிஜமாவே இடுப்பு பிடிக்குதுடி. நான் வேணாம்னு சொல்லிட்டா?”

“சொல்ல முடியாதுங்க. மெஷினை நேத்தே கொண்டுபோய் மாட்டியாச்சு. மெக்கானிக் சம்சாரம் ரெண்டு தடவை துவைச்சுக் காயப்போட்டும் ஆச்சு.”