பிச்சைமுத்துவின் மூக்குவளையம்

குறடு மூக்குக்குள் நுழைய மறுத்தது.

அது மாட்டுக்கு லாடம் அடிக்கிற குறடு. வண்டிக்காரர் பத்துமலையிடம் "ஆணி புடுங்கணும்ணே" என்று பொய் சொல்லி வாங்கி வந்து, ரப்பர் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிச்சைமுத்து தன் மூக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வலது மூக்கில் ஒரு செப்பு வளையம். ஆசாரி இரு முனையையும் பற்றவைத்து மூடிவிட்ட வளையம். சோப்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் தோற்றுப்போன பிறகுதான் குறடு வந்தது. அதுவும் வளையத்தை விட்டுவிட்டு மூக்குச் சதையைக் கவ்வியது. அவன் போட்ட கூச்சலில் படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்றன.

வெள்ளிக்கிழமை ஈப்போ டவுன் பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்பைப் படம் பிடிக்கச் சீனப் படக்காரர் வருகிறார். சதாசிவம் வாத்தியார் ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தார். ஒரே வெள்ளைக் கோட்டு, ஒரே வகிடு, ஒரே மாதிரி கைகட்டு. படத்தைப் பார்க்கிறவர்களுக்கு யார் கங்காணி மகன், யார் செட்டியார் மகன் என்று தெரியக்கூடாதாம். பிச்சைமுத்துவுக்கு இதைக் கேட்கக் கேட்க இனித்தது. தோட்டத்திலிருந்து இங்கிலீசுப் பள்ளிக்கூடம் போகிற ஒரே பையன் அவன்தான். சேர்ந்த நாளிலிருந்து அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் மூக்கம்மா. ஒரு படத்திலாவது மற்றவர்களைப் போல இருந்துவிட்டால் போதும் என்று ஏங்கினான். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை, பாவம்.

குறடு செய்த வேலையில் மூக்கு வீங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். மருந்து கட்டுகிற டிரசர் கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யாரோடடா சண்ட?"

"குளவி கொட்டிருச்சுங்க."

"குளவிக்கு இம்மாம் பெரிய பல்லா?" என்று கேட்டுக்கொண்டே மருந்தைத் தடவி, வளையத்தோடு சேர்த்து மூக்கின் மேல் ஒரு பெரிய பிளாஸ்திரியை ஒட்டினார்.

பிச்சைமுத்து கண்ணாடியில் பார்த்தான். வளையம் கண்ணில் படவில்லை. அட, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று மனம் குளிர்ந்து போனான். படத்தன்று வரைக்கும் பிளாஸ்திரியோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் ரப்பர் ஷீட்டு ஏற்றிய வண்டியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். பக்கத்தில் உட்காருகிற குமரப்பன் கேட்டான்.

"என்னடா மூக்குல?"

"குளவி கொட்டிருச்சு."

பின் பெஞ்சு காசிவிஸ்வநாதன் கேட்டபோது பிச்சைமுத்து கொஞ்சம் அசந்திருந்தான். "வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன்" என்றான்.

இடைவேளையில் இரண்டு கதையும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன.

"குளவியும் இல்ல, வண்டியும் இல்லலா. எங்க தெருவுல ஒருத்தருக்கு இப்படித்தான் மூக்குல ஆரம்பிச்சுச்சு" என்றான் காசி. "அப்புறம் வெரலு. அப்புறம் ஒரு நா வண்டி வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. திரும்பி வரவே இல்ல."

மணி அடித்து வகுப்புக்குள் போனபோது குமரப்பன் வேறு பெஞ்சில் இருந்தான். முன் பெஞ்சும் காலி, பின் பெஞ்சும் காலி. நடுவில் பிச்சைமுத்து மட்டும் தனியாக உட்கார்ந்து புவியியல் படித்தான். மூக்கம்மா என்று கூப்பிடவாவது நேற்று வரை ஆள் இருந்தது. இன்று அதுவும் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் பிளாஸ்திரி நனையும் என்று அடக்கிக்கொண்டான்.

மத்தியானம் பொறுக்க முடியாமல் எழுந்து, எல்லோர் முன்னாலும் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தான்.

"பாத்துக்குங்கடா! பெருவியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வளையந்தான்!"

"அத எதுக்குடா மூடி வச்ச?"

நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். நிஜம் வாய்க்குள் பாதி தூரம் வந்து திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வெளியே வந்தது.

"பரீச்ச வருதுல்ல. இதோட சக்தி வெளிய போயிரக்கூடாதுன்னு மூடி வச்சேன்."

"என்ன சக்தி?"

"கணக்கு. இத போட்டிருந்தா கணக்கு தப்பாது. எங்க ஆத்தா கோயில்ல மந்திரிச்சு வாங்கினது."

கணக்கில் பிச்சைமுத்து முதல் என்பது எல்லோருக்கும் தெரியும். எதனால் முதல் என்பது இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. குமரப்பன் மெதுவாக நகர்ந்து பழைய பெஞ்சுக்கே வந்தான்.

"மச்சான், ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டா?"

அந்தச் சாயங்காலம் முழுக்க வரிசையாக வந்து தொட்டார்கள். மூக்கு இன்னும் வீங்கியது. ஆனால் பிச்சைமுத்துவுக்கு வலிக்கவில்லை.

அடுத்த நாள் குமரப்பன் தன் அக்காள் சிகப்பியின் வைர மூக்குத்தியை மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு வந்தான். காசி செப்புக் கம்பியை வளைத்து மாட்டிக்கொண்டு வந்தான். அதற்கும் மறுநாள் பாதி வகுப்பு மூக்கில் ஏதோ ஒன்று மின்னியது. கம்பி கிடைக்காத ஒருவன் காதில் போடுகிற வாளியைக் கவ்வவிட்டிருந்தான். பிச்சைமுத்து நாலு புறமும் பார்த்துப் பூரித்துப் போனான். அவன் மற்றவர்களைப் போல ஆகத்தான் ஆசைப்பட்டான். மற்றவர்கள் எல்லோரும் அவனைப் போல ஆகிவிட்டார்கள். எப்படியானால் என்ன?

சதாசிவம் வாத்தியார் உள்ளே வந்தார். கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதித் திரும்பினார். சாக்குக்கட்டி கையிலிருந்து விழுந்தது.

"இது இங்கிலீசுப் பள்ளிக்கூடமா, வளகாப்பு வீடாடா? நாளைக்குப் படம்! யாருடா இத ஆரம்பிச்சது?"

அத்தனை விரலும் ஒரே பக்கம் நீண்டன. அதில் முதல் விரல் குமரப்பனுடையது.

"எல்லாரும் கழட்டுங்கடா!"

கண் சிமிட்டும் நேரத்தில் மூக்குத்தியும் கம்பியும் வாளியும் கோட்டுப் பைக்குள் போயின. ஒரு மூக்கு மட்டும் மிச்சம்.

"ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"வராது சார்."

"ஏன் வராது?"

"பத்தவச்சிருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவனை முந்தாநாள் தொட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாலு பேரு மாதிரி இருந்துட்டா ஒனக்குத்தாண்டா நல்லது. நானும் ஒன்ன மாதிரித்தான் வந்தேன்." அவர் காது இரண்டிலும் எப்போதோ கடுக்கன் கிடந்த ஓட்டை தூர்ந்தும் தூராமலும் இருந்தது. "நாளைக்கு அது இல்லாம வா. இருந்துச்சுன்னா இந்தப் பக்கமே வராத."

அவ்வளவுதான். படம் போய், பள்ளிக்கூடமே போகிற இடத்துக்கு வந்து நின்றது.

வண்டியிலிருந்து இறங்கியதும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஓடி விஷயத்தைச் சொன்னான். அப்பா ஐயாவுக் கங்காணி, "இவ்வளவுதானா? அறுத்துத் தொலச்சிட்டாப் போச்சு" என்றார். உடனே அம்மா முத்தம்மா, யாரோ இறந்துவிட்ட மாதிரி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அறுப்பீக, அறுப்பீக! நாலு தடவ சுமந்து, மூணக் குழியில வச்சவ நானு. நீங்க வச்சீகளா?"

கங்காணி வெளியே போனார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எண்பது ஆளை அதட்டுகிற மனிதர் அவர். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் இருக்கிற இடம் தெரியாது.

"ஆத்தா, பள்ளிக்கூடத்துக்கே வராதங்கறாரு."

"உசிரு இருந்தாத்தானய்யா பள்ளிக்கூடம்?"

முத்தம்மா அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்தாள். அவனுக்கு அது மனப்பாடம். மூத்த மூன்றையும் காட்டுக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. நாலாவதாக இவன் பிறந்ததும் எமனை ஏமாற்ற ஊர் வழக்கப்படி செய்தார்கள். பிறந்த கையோடு பிள்ளையை அடுத்த லயத்து இருளாயிக்குக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து ஒரு படி தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கினார்கள். பெற்ற பிள்ளை இல்லை, வாங்கிய பிள்ளை என்று கணக்கு. பெண் பிள்ளை என்று எமன் நினைத்துக்கொள்ள மூக்கில் வளையம். பிச்சையாக வந்த பிள்ளை என்று நினைத்துக்கொள்ளப் பெயர் பிச்சைமுத்து.

"சன்னி கண்டு நெனப்பில்லாமக் கெடந்தேன். தவிட்டக் குடுத்து வாங்கி மடியில போட்டப்பதான் ஒம் மொகத்தையே நான் பாத்தேன். ஏழு வயசுல ஒரு தடவ வளையத்தக் கழட்டுன. அன்னைக்கே ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுச்சு."

"அன்னைக்கு நான் ஒரு கூட ரம்புத்தான் பழம் தின்னேன் ஆத்தா."

"பேசாத! அன்னைக்குத்தான் பத்தவச்சேன். எமன் ஒன்னத் தேடித்தான் வந்தான். நீ இருளாயி வீட்டுல இருந்தியா, ஆளு மாறி, அவளுக்கு அப்பத்தான் பொறந்திருந்த கைப்புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான். அவ அத ஆத்தோரமாப் பொதச்சிட்டு வந்து ஒன்ன எங்கிட்டக் குடுத்தா. அவ மொகத்த நிமிந்து பாக்க இன்னைக்கும் எனக்குத் தெம்பு இல்ல."

அது உண்மைதான். வீட்டில் எது வெந்தாலும் முதல் கிண்ணம் இருளாயிக்குப் போகும். கொண்டுபோவது பிச்சைமுத்து. முத்தம்மா அந்த லயத்துப் பக்கம் கால் வைக்க மாட்டாள்.

அவன் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முத்தம்மா சோற்றுத் தட்டை மூடி வைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"வித்தவ கையால எடுத்தாத்தான் தோசம் இல்லம்பாங்க. போய்ச் சின்னாத்தாகிட்டக் கேளு. சரின்னு சொன்னா எடுத்துக்க."

இருளாயி சரியென்று சொல்லமாட்டாள் என்பதில் முத்தம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. எமனை வீட்டுக்குள் பார்த்தவள் அவள். அவன் படியிறங்கியதும் முத்தம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

இருளாயி ரப்பர் மரத்தில் பால்வெட்டி முடித்து வந்து, வாசலில் கத்தியை அரத்தில் தீட்டிக்கொண்டிருந்தாள். மகள் ராக்காயியைத் தெலுக் ஆன்சன் ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு அவள் தனிக்கட்டை. இவனைக் கண்டதும் எப்போதும் போல முகம் விரிந்தது. பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை.

"வாய்யா ராசா. மூக்கு என்னாச்சு?"

அவன் சொன்னான். குறடு, பிளாஸ்திரி, காலிப் பெஞ்சு, சிகப்பியின் மூக்குத்தி எல்லாம் சொன்னான். மூக்குத்திக்குச் சிரித்தாள். காலிப் பெஞ்சுக்கு அவள் கண் கலங்கியது.

"ஆத்தா ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னுச்சு. நீங்க மாட்டேன்னு சொல்லிருவீகளாம்."

இருளாயி கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு அரத்தை முந்தானையில் துடைத்தாள்.

"இப்படி வெளிச்சத்துல உக்காரு. ஆடாத."

அவன் நினைத்தே பார்க்கவில்லை. இவ்வளவு சுலபமா? ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வளையத்தை அவள் மெல்ல அராவினாள். செப்புப் பொடி மேலுதட்டில் உதிர்ந்தது. அரம் ஒரு தடவைகூடச் சதையில் படவில்லை. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் அறுந்துவிடும். நாளைக்கு முன் வரிசையில் கைகட்டி நிற்கலாம். யார் கங்காணி மகன் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. எட்ட இருந்த லயத்தில் அம்மா ஏற்றிய விளக்கு தெரிந்தது. ஆற்றோரத்தில் புதைத்த அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் சின்னாத்தா. படமும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம். ஆத்தா சொல்றது நெசமாயி, எமன் என்னய அடையாளம் கண்டுகிட்டா?"

இருளாயி அரத்தைக் கீழே வைத்தாள். அந்த விளக்கையே பார்த்தாள். முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, காதோடு சொன்னாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவாது ராசா. முத்தம்மா பெத்தத எமன் சரியாத்தான் அடையாளம் கண்டு தூக்கிட்டுப் போனான். தவிட்டுக்கு நான் குடுத்தது என் புள்ளைய."